லாக்டோஃபெரின்: கவுன்டரில் கேட்ட கேள்விகள்

சென்னை தண்டையார்பேட்டையில் எனக்கு ஒரு சின்ன மருந்துக்கடை. கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில் பால் புரதப் பொருட்கள் வரிசையாக இருக்கும். அதில் லாக்டோஃபெரின் என்று எழுதிய மாத்திரையையும் பவுடரையும் காட்டி யாராவது தினம் ஒரு கேள்வி கேட்டுவிடுகிறார்கள். சிலர் டாக்டர் சீட்டோடு வருகிறார்கள், பலர் போனில் பார்த்த விளம்பரத்தோடு வருகிறார்கள். கூட்ட நேரத்தில் நின்று பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் கேட்டதையும் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் மருந்தாளுநர், மருத்துவர் இல்லை. எங்கே டாக்டரிடம் போகச் சொல்கிறேனோ, அங்கே போய்விடுங்கள்.

லாக்டோஃபெரின் என்றால் என்ன? மருந்தா, சத்துப்பொருளா?

பாலில் இயற்கையாகவே இருக்கும் ஒரு புரதம். ‘லாக்டோ’ என்பது பாலையும் ‘ஃபெரின்’ என்பது இரும்பையும் குறிக்கும். பசும்பாலில் இப்படி ஒரு சிவந்த புரதம் இருப்பதை 1939-லேயே கவனித்துவிட்டார்கள். அதைத் தனியாகப் பிரித்தெடுத்தது 1960-ல். தூய்மையான பவுடரைப் பார்த்தால் வெளிர் இளஞ்சிவப்பாக இருக்கும். புரதம் பிடித்து வைத்திருக்கும் இரும்புதான் அந்த நிறத்துக்குக் காரணம்.

பாலில் மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். நம் கண்ணீரிலும் எச்சிலிலும் இருக்கிறது. கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களுக்குள்ளும் இருக்கிறது. வெளியிலிருந்து கிருமி நுழையும் வாசல்களில் எல்லாம் உடம்பு இதை நிறுத்தி வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் விற்பது பசும்பாலிலிருந்து எடுத்தது. பெரும்பாலும் உணவுப்பொருள் என்ற கணக்கில்தான் விற்கிறார்கள். டாக்டர் சீட்டில் எழுதியிருந்தாலும், அட்டையைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் ஹெல்த் சப்ளிமென்ட் என்றுதான் இருக்கும்.

ஜிம்முக்குப் போகிற பையன்கள் குடிக்கும் வே புரோட்டீனும் இதுவும் ஒன்றுதானே?

வியாசர்பாடியில் பந்து விளையாடும் ஒரு தம்பி, “நூறு மில்லிகிராம்தானா, ஒரு டப்பா மொத்தமா போட்டா உடம்பு ஏறுமா?” என்று கேட்டான். ஏறாது. பாலில் உள்ள புரதத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் கேசீன், மீதி 20 சதவீதம் வே. அந்த வேயிலும் ஒரு துளிதான் லாக்டோஃபெரின். வே பவுடர் ஒரு கரண்டியில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கும். இந்த மாத்திரையில் இருப்பது 0.1 கிராம். ஒரு கோழி முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. தசைக்கு வேண்டும் என்றால் முட்டைக்குப் போ என்று அனுப்பிவிட்டேன்.

பெயரிலேயே இரும்பு இருக்கிறதே, ஒரு மாத்திரையில் எவ்வளவு இரும்பு?

இதை அதிகம் கேட்பவர்கள் கர்ப்பிணிகளோடு வரும் அம்மாக்கள். “இன்னாப்பா இது, இரும்பா பாலா?” என்று ஓர் அம்மா நேராகவே கேட்டார்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு லாக்டோஃபெரின் மூலக்கூறு இரண்டே இரண்டு இரும்பு அணுக்களைத்தான் பிடிக்கும். மூலக்கூறோ அதைவிடப் பல நூறு மடங்கு கனம். அதனால் 100 மில்லிகிராம் மாத்திரை முழுக்க இரும்பு ஏறியிருந்தாலும் அதில் 0.14 மில்லிகிராம் இரும்புதான் இருக்க முடியும். பாலிலிருந்து எடுக்கும்போது அதன் இடங்களில் பெரும்பகுதி காலியாகவே இருக்கும் என்பதால் நிஜத்தில் இன்னும் குறைவு. அரசு இலவசமாகக் கொடுக்கும் இரும்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மலையும் மடுவும்தான்.

சில கம்பெனிகள் லாக்டோஃபெரினோடு தனியாக இரும்பு உப்பையும் சேர்த்து ஒரே மாத்திரையாக விற்கின்றன. அங்கே இரும்பு வருவது அந்த உப்பிலிருந்து.

அப்படியானால் ரத்த சோகைக்கு ஏன் எழுதிக் கொடுக்கிறார்கள்?

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் கொஞ்சம் நீளும்.

நம் உடம்பில் இரும்புக்கு ஒரு காவல் உண்டு. ஹெப்சிடின் என்ற ஹார்மோன் அது, கல்லீரலில் சுரக்கிறது. உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் ஹெப்சிடின் ஏறும். ஏறினால், சாப்பிட்ட இரும்பு குடலைத் தாண்டி ரத்தத்துக்குள் போகாது. இருக்கும் இரும்பும் செல்களுக்குள்ளேயே பூட்டிக் கிடக்கும். லாக்டோஃபெரின் அழற்சியைத் தணித்து அந்தப் பூட்டைத் தளர்த்துகிறது என்பதுதான் இதை ஆதரிப்பவர்கள் சொல்லும் விளக்கம். புதிதாக இரும்பைக் கொண்டுவந்து கொட்டுவதற்குப் பதில், இருப்பதைப் புழங்க விடுகிறது என்கிறார்கள்.

இத்தாலியில் கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வுகளில் 100 மில்லிகிராம் வீதம் நாளைக்கு இரண்டு வேளை, சாப்பாட்டுக்கு முன் கொடுத்தார்கள். ஹீமோகுளோபின் ஏறியதில் ஃபெரஸ் சல்ஃபேட் என்ற வழக்கமான இரும்பு மாத்திரைக்குக் குறையவில்லை. குமட்டல், மலச்சிக்கல், வயிற்றுவலி போன்ற தொல்லைகள் மட்டும் கணிசமாகக் குறைவு. ஆய்வுகள் சிறியவை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தொல்லை குறைவு என்பதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். இரும்பு மாத்திரை வாங்கிப் போகிற பத்துப் பெண்களில் எத்தனை பேர் முழுசாகச் சாப்பிடுகிறார்கள் என்பது மருந்துக்கடைக்காரனுக்குத் தெரியும். மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து நிறுத்தியவர்கள் உண்டு. வாயெல்லாம் துருப்பிடித்த ஆணி மாதிரி இருக்கிறது என்று நிறுத்தியவர்கள் உண்டு. ஒரு பெண் அட்டை அட்டையாக அப்படியே திருப்பிக் கொண்டுவந்து, “இத எடுத்துக்கிட்டு வேற ஏதாவது குடுண்ணா” என்று வைத்தார். அதில் ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படவில்லை. 60 மில்லிகிராம் இருந்து என்ன பயன்?

அதற்காக நீங்களாகவே இரும்பு மாத்திரையை நிறுத்திவிட்டு இதற்கு மாறக் கூடாது. கர்ப்பத்தில் ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் ரத்த சோகை, 7-க்குக் கீழே போனால் அது ஆபத்து. எவ்வளவு குறைந்திருக்கிறது, எந்த மாதம் நடக்கிறது என்பதைப் பார்த்துத்தான் மாத்திரையா, சொட்டு மருந்தாக நரம்பில் ஏற்றும் இரும்பா என்று முடிவெடுப்பார்கள். ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் மகப்பேறு மருத்துவமனையிலும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அந்தப் பரிசோதனை காசில்லாமல் நடக்கிறது. எட்டாம் மாதத்தில் 7.5 என்று ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு பவுடர் கேட்டு வருகிறவர்களுக்கு நான் பவுடர் கொடுப்பதில்லை, ஆட்டோ பிடித்துக் கொடுக்கிறேன்.

தினம் அரை லிட்டர் பால் வாங்குகிறோம். அதில் இது இல்லையா?

இருக்கிறது. பசும்பால் ஒரு லிட்டரில் தோராயமாக 100 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளலாம். மாட்டைப் பொறுத்து, கறவைக் காலத்தைப் பொறுத்துக் கூடும், குறையும். ஆக ஒரு மாத்திரை என்பது ஒரு லிட்டர் பாலில் இருப்பது. ஒரு கிலோ லாக்டோஃபெரின் வேண்டுமென்றால் பத்தாயிரம் லிட்டர் பால் வேண்டும், அதுவும் ஒரு பொட்டுக்கூட வீணாகாமல் எடுத்தால். விலை ஏன் எகிறுகிறது என்று கேட்பவர்களுக்கும் இதே கணக்குத்தான் பதில்.

பால் பாக்கெட்டைப் பதப்படுத்தும்போது 72 டிகிரியில் 15 நொடி சூடாக்குகிறார்கள். அதில் இந்தப் புரதம் பெரும்பாலும் தப்பித்துவிடும். ஆனால் நாம் வீட்டில் பொங்கப் பொங்கக் காய்ச்சுகிறோமே, அதில் தப்பிப்பது கஷ்டம். அதற்காகப் பாலைக் காய்ச்சாமல் குடிக்கச் சொல்லவில்லை. பால் குடிப்பது கால்சியத்துக்கும் புரதத்துக்கும்.

தாய்ப்பாலில் கதை வேறு. முதிர்ந்த தாய்ப்பாலில் லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம், பிரசவமான முதல் சில நாட்களில் 5 கிராமுக்கு மேலும் இருக்கும். பசும்பாலைப் போலப் பல மடங்கு. எந்தக் குட்டிக்கு எது தேவையோ, அந்தத் தாயின் பாலில் அது.

சீம்பால் சாப்பிட்டால் போதாதா? அதில்தான் எல்லாச் சத்தும் இருக்கிறது என்கிறார்களே?

எனக்குப் பிடித்த கேள்வி இது. மாதவரம் பால் பண்ணைப் பக்கம் வளர்ந்தவன் நான். மாடு கன்று போட்ட வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் சீம்பால் வரும். அம்மா அதில் வெல்லமும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, இட்லிக் குண்டானில் வைத்து வேகவைப்பாள். மூடியைத் திறந்தால் மஞ்சளாகக் கட்டிப்பட்டு நிற்கும். கத்தியால் கீறித் துண்டு போட்டால் ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டிருக்கும். அந்தத் தண்ணீரைக் குடிக்க எனக்கும் தங்கைக்கும் சண்டை.

அந்தக் கட்டி எப்படி வந்தது? சாதாரணப் பாலை அதே மாதிரி வேகவைத்துப் பாருங்கள், கட்டிப்படாது. சீம்பாலில் எதிர்ப்புப் புரதங்கள் குவிந்து கிடக்கின்றன. சூட்டில் அவை வெந்து, முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி இறுகிவிடுகின்றன. இறுகினால் உருவம் குலைந்துவிட்டது என்று அர்த்தம். உருவம் குலைந்த எதிர்ப்புப் புரதம் கிருமியைப் பிடிக்காது. சத்தான புரதமாக ஜீரணமாகும், அவ்வளவுதான். ருசிக்குச் சாப்பிடுங்கள், தாராளமாக.

இதைச் சொன்னதும் ஒருவர், “அப்போ பச்சையா குடிச்சுடட்டா?” என்றார். வேண்டவே வேண்டாம். காய்ச்சாத பாலில் புருசெல்லா கிருமி வரலாம், மாட்டுக் காசநோய் வரலாம், ஈ.கோலி வரலாம். எதிர்ப்பு சக்திக்காகக் குடிக்கப்போய் மாதக்கணக்கில் காய்ச்சலில் படுப்பானேன்?

இன்னொரு விஷயம். பசுவின் வயிற்றில் இருக்கும்போது கன்றுக்குத் தாயிடமிருந்து எதிர்ப்புப் பொருட்கள் போவதில்லை. பிறக்கும்போது வெறுங்கையோடு பிறக்கிறது. முதல் 24 மணி நேரம் மட்டும் அதன் குடல் திறந்திருக்கும். அதற்குள் சீம்பால் உள்ளே போனால்தான் அந்தப் பொருட்கள் ரத்தத்தில் ஏறும். மனிதக் குழந்தைக்கு அப்படியில்லை, கர்ப்பத்திலேயே நஞ்சுக்கொடி வழியாக வந்துவிடுகிறது. நாற்பது வயது மனிதர் சீம்பால் குடித்தால் மாட்டின் எதிர்ப்புப் பொருள் அவர் ரத்தத்தில் சேராது. ஏதாவது வேலை நடந்தாலும் குடலுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். கன்றுக்கோ அது உயிர்ப் பிரச்சினை. கன்று வயிறாரக் குடித்த பிறகு மிச்சம் இருந்தால் நமக்கு. எங்கள் பக்கத்து மாட்டுக்காரர் இந்த விஷயத்தில் கறார், யார் கேட்டாலும் முதல் கறவையைத் தரமாட்டார்.

தெருவில் விற்கும் சீம்பால் எல்லாம் சீம்பால் என்றும் நம்ப வேண்டாம். பாலில் கடல்பாசி போட்டு உறைய வைத்தாலும் பார்க்க அப்படித்தான் இருக்கும்.

வயிற்றுக்கு என்ன நன்மை?

பல கெட்ட பாக்டீரியாக்களுக்கு வளர இரும்பு வேண்டும். லாக்டோஃபெரின் அந்த இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சில வகைக் கிருமிகளின் வெளிச்சுவரிலேயே ஒட்டி அதைக் கலைக்கிறது. வயிற்றில் பெப்சின் என்ற செரிமான நொதி இதை வெட்டும்போது லாக்டோஃபெரிசின் என்று ஒரு சின்னத் துண்டு கிடைக்கிறது. கிருமியைக் கொல்வதில் சின்னது பெரியதைவிடக் கெட்டி. பிஃபிடோ போன்ற நல்ல பாக்டீரியாக்களுக்கு இரும்பு அவ்வளவாகத் தேவையில்லை, அதனால் அவற்றுக்குப் பாதிப்பு குறைவு.

இதெல்லாம் ஆய்வகக் குழாயில் அழகாக நடக்கிறது. விளம்பரத்தில் போடுவதும் இதைத்தான். மனித வயிறு கண்ணாடிக் குழாய் இல்லையே. அங்கே அமிலம் இருக்கிறது, மதியம் சாப்பிட்ட கருவாட்டுக் குழம்பு இருக்கிறது, கோடிக்கணக்கில் வேறு பாக்டீரியா இருக்கிறது. ஹெலிகோபேக்டர் கிருமியால் வரும் வயிற்றுப்புண்ணுக்கு ஆன்டிபயாட்டிக்கோடு இதையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஓர் ஆய்வில் பலன் தெரிந்தது, இன்னொன்றில் தெரியவில்லை. வாயு, ஏப்பம், மந்தம் என்று சொல்லி இதைக் கேட்பவர்களிடம், முதலில் ராத்திரிச் சாப்பாட்டை எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கிறேன். பதினொன்றரை என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது.

எதிர்ப்பு சக்தி ஏறும் என்று அட்டையிலேயே போட்டிருக்கிறதே?

கொரோனாவுக்கு முன்னால் ‘இம்யூனிட்டி’ என்று கேட்டு இந்தக் கடைக்கு வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 2020-ல் மாநகராட்சிக்காரர்கள் தெருத்தெருவாகக் கபசுரக் குடிநீர் ஊற்றிக் கொடுத்தார்களே, அப்போது வந்து ஒட்டிக்கொண்ட சொல் இது. போகவே இல்லை.

லாக்டோஃபெரின் எதிர்ப்பு சக்தியைக் கூட்டி நோயைத் தடுக்குமா என்பதை ரொம்பக் கவனமாகச் சோதித்தது குறைமாதக் குழந்தைகளிடம். அவர்களுக்கு ரத்தத்தில் கிருமி ஏறுவது அடிக்கடி நடக்கும், உயிரையே எடுக்கும். இத்தாலியை மையமாகக் கொண்டு நடந்து 2009-ல் வெளிவந்த ஆய்வில் 472 குழந்தைகள் இருந்தார்கள். எதுவும் சேர்க்காத பாலைக் குடித்தவர்களில் 17 சதவீதத்துக்குக் கிருமி ஏறியது, லாக்டோஃபெரின் சேர்த்துக் குடித்தவர்களில் 6 சதவீதத்துக்கு. உலகமே திரும்பிப் பார்த்தது. நானும் அப்போது கடையில் பெருமையாகச் சொன்னேன்.

பத்து வருஷம் கழித்து, 2019-ல், பிரிட்டனில் 2,203 குழந்தைகளிடம் அதே கேள்வியைக் கேட்ட ஆய்வு வெளிவந்தது. இதில் லாக்டோஃபெரின் குடித்தவர்களில் 29 சதவீதம், குடிக்காதவர்களில் 31 சதவீதம். கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1,542 குழந்தைகளிடம் நடந்து 2020-ல் வெளிவந்த ஆய்விலும் பெரிய வித்தியாசம் இல்லை. கவனமாகச் சோதித்த இடத்திலேயே நிலைமை இது. அப்புறம் எப்படி நான், நன்றாக நடமாடும் உங்களிடம் இதைச் சாப்பிட்டால் சளி பிடிக்காது என்று சொல்வது? நான் சொல்வதில்லை. அதனால் வியாபாரம் குறைந்தாலும் பரவாயில்லை.

பேதி ஆகும்போது கொடுக்கலாமா?

மழைக்காலம் முடிந்ததும் இந்தக் கேள்வி வந்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்த வாரத்தில் கடையில் அதிகம் கேட்டது வயிற்றுக்குத்தான். தண்ணீர் லாரியில் பிடித்த தண்ணீர், சாக்கடை கலந்த அடிகுழாய் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

முதலில் வேண்டியது ஓஆர்எஸ். பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் முழுசாகக் கரைக்க வேண்டும், பாதி பாக்கெட்டை டம்ளரில் போடும் வேலை வேண்டாம். அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானம் ஓஆர்எஸ் ஆகாது, அதில் சர்க்கரை அதிகம், பேதி கூடும். குழந்தைக்குத் துத்தநாகம் 14 நாள் தொடர வேண்டும்: ஆறு மாதத்துக்கு மேல் நாளைக்கு 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 10. நின்றுவிட்டது என்று மூன்றாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள், தப்பு. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பாலை நிறுத்தவே கூடாது.

ரத்தம் கலந்து போனால், கண் குழிந்தால், எட்டு மணி நேரம் சிறுநீர் போகவில்லை என்றால் நேராக மருத்துவமனை. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி போனால் இங்கேயே தொற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது, யோசிக்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். லாக்டோஃபெரின் இந்த வரிசையில் எங்கும் இல்லை.

கைக்குழந்தைக்குப் பாலில் கலந்து கொடுக்கலாமா?

கூடாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். மேலே எழுதிய கணக்குப்படி அதிலேயே இது கொட்டிக் கிடக்கிறது. குறைமாதக் குழந்தைக்கு வேண்டுமா என்பதை அந்த வார்டு டாக்டர் பார்த்துக்கொள்வார்.

எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. நான் சாப்பிடலாமா?

ஒத்துக்கொள்ளாது என்பதில் இரண்டு வகை. பால் குடித்தால் வயிறு உப்பி, கடமுடவென்று ஓடுவது ஒரு வகை. அது பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காததால் வருவது. நம் ஊரில் இது சகஜம், அவர்களுக்கே தயிர் ஒத்துக்கொள்ளும். சுத்திகரித்த லாக்டோஃபெரினில் லாக்டோஸ் மிகக் குறைவு என்பதால் பெரும்பாலும் தொல்லை இருக்காது.

இரண்டாவது வகை பால் புரத ஒவ்வாமை. உடம்பில் தடிப்பு, உதடு வீங்குதல், மூச்சு இழுப்பு. அவர்கள் இதைத் தொடவே கூடாது. இதுவே பால் புரதம்தானே.

மலப் பரிசோதனையில் ‘லாக்டோஃபெரின் பாசிட்டிவ்’ என்று வந்திருக்கிறது. மாத்திரை அதிகமாகிவிட்டதா?

காசிமேட்டில் ஏலம் எடுக்கும் ஓர் அண்ணன், முகமெல்லாம் வியர்த்துப்போய் ரிப்போர்ட்டை நீட்டினார். அவர் என்னிடம் ஒரு மாதமாக இந்த மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார். நான்தான் விஷம் கொடுத்துவிட்டேன் என்ற பார்வை.

அந்தப் பரிசோதனை தேடுவது மாட்டின் புரதத்தை அல்ல, நம்முடையதை. குடலில் புண்ணோ அழற்சியோ இருந்தால் வெள்ளை அணுக்கள் அங்கே குவியும், அவற்றுக்குள் இருக்கும் லாக்டோஃபெரின் மலத்தில் இறங்கும். அதனால் பாசிட்டிவ் என்றால் குடலில் ஏதோ நடக்கிறது, டாக்டர் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இந்தச் சோதனை செய்வதில்லை, அம்மாவின் பாலில் இருப்பதே பாசிட்டிவ் காட்டிவிடும். அவரை அன்றைக்கே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். குடல் அழற்சி என்று கண்டுபிடித்து இப்போது முறையாக மருந்து சாப்பிடுகிறார். மூன்று மாதமாக வயிற்றுவலி என்று என்னிடம் சொல்லவே இல்லை மனுஷன், ‘சத்துக்கு’ என்று சொல்லித்தான் மாத்திரை கேட்டிருந்தார். அன்றிலிருந்து யார் கேட்டாலும் எதற்கு என்று இரண்டு தரம் கேட்கிறேன்.

எப்படிச் சாப்பிட வேண்டும்? காபியில் கலக்கலாமா?

ஆவி பறக்கும் காபியில் வேண்டாம், சீம்பால் கதைதான். பவுடர் என்றால் ஆறிய தண்ணீரிலோ வெதுவெதுப்பான பாலிலோ கலக்கலாம். சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் எடுப்பது வழக்கம். டப்பாவை அடுப்பு மேடையில் வைக்காதீர்கள். மே மாதத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டு அலமாரி எப்படிக் கொதிக்கும் என்று நமக்குத் தெரியாதா? கீழ்த்தட்டில், ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.

அட்டையில் எதைப் பார்த்து வாங்குவது?

முன்பக்கம் பசுமாடு படம் எவ்வளவு பெரிசு என்று பார்க்க வேண்டாம், திருப்புங்கள். ஒரு வேளைக்கு லாக்டோஃபெரின் எத்தனை மில்லிகிராம் என்று தனியாகப் போட்டிருக்க வேண்டும். ‘பால் புரதக் கலவை’ என்று மொத்தமாக எழுதி, உள்ளே எவ்வளவு என்று சொல்லாததை நான் வாங்கி வைப்பதில்லை. பவுடர் பொட்டலத்தில் 100 மில்லிகிராம் போக மீதி என்ன? சர்க்கரையாக இருக்கலாம், மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்தாக இருக்கலாம். சர்க்கரை வியாதிக்காரர்கள் இதைப் படிக்காமல் வாங்கக் கூடாது.

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வரியும் இருக்கும். அந்த வரியை அச்சடித்துவிட்டு, முன்பக்கம் நோய்களின் பெயரைப் பட்டியல் போடும் டப்பாவைக் கண்டால் நகர்ந்துவிடுங்கள். ஒரு விற்பனைப் பிரதிநிதி என் கடையில் உட்கார்ந்து, இது மூட்டுவலி முதல் முடி கொட்டுவது வரை கேட்கும் என்றார். எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

சைவக்காரர்கள் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருப்பது பால்தான், ஆனால் கேப்சூலின் கூடு ஜெலட்டினாக இருக்கலாம்.

பக்க விளைவு உண்டா?

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2012-ல் பசும்பால் லாக்டோஃபெரினைப் பரிசீலித்து, சொன்ன அளவுக்குள் பாதுகாப்பானது என்றது. பெரிய தொல்லை எதையும் நான் கடையில் பார்த்ததில்லை. வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் வீட்டில் யாருக்காவது கொடுத்திருக்கிறீர்களா?

தங்கைக்கு. அவளுக்கு ஐந்தாம் மாதத்தில் ஹீமோகுளோபின் 9.4. இரும்பு மாத்திரையைப் போட்டால் அரை மணி நேரத்தில் வாந்தி. இரவில் போட்டுப் பார்த்தாள், சாப்பாட்டோடு போட்டுப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. அவளைப் பார்த்த டாக்டரம்மா இரும்பின் வகையை மாற்றி, ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி, கூடவே லாக்டோஃபெரின் இரண்டு வேளை எழுதினார். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கத்தை விடச் சொன்னார், டீயில் உள்ள டானின் இரும்பைச் சேரவிடாது. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. முருங்கைக்கீரையும் ஆட்டுச் சுவரொட்டியும் (மண்ணீரல்) அம்மா ஏற்பாடு, சாப்பாட்டில் எலுமிச்சை பிழிந்துகொள்வது என் ஏற்பாடு.

ஆறு வாரம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் 10.8. எது ஏற்றியது என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. தங்கை பவுடர் என்கிறாள். அம்மா சுவரொட்டி என்கிறாள்.